மடை திறந்த சொல்லிசை

ஏற்றம் இறைத்தவனும் நாற்று நட்டவளும் உழைப்பின் களைப்புத் தீரப் பாடியவை பிற்காலத்தில் கலையென்று போற்றப்பட்டன. தோன்றிய நாளில் அவற்றைக் கலையென்று ஒப்புக்கொண்டோர் மிகச் சிலரே. இந்நாளில் இளைஞர் விரும்பிக் கேட்கும் "ராப்" பாடலின் நிலையும் அத்தகையதே. பெரியோர் பலர் அதனை வெறுங் கூச்சலென ஒதுக்குவர். தமிழில் அதற்குச் சொல்லிசை என்னும் பெயர் வழங்குகிறது. ஒதுக்குவதற்கு முன் அதன் பிறப்பையும் தமிழில் அது பெற்ற வளர்ச்சியையும் அறிவது நன்று.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்பது ஏழை மக்கள் மிகுந்த பகுதி. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று ஓர் அடுக்குமாடியில் சிறு விருந்தொன்று நடந்தது. சிண்டி என்னும் பெண், பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டவே அதனை நடத்தினாள். இசைத்தட்டு ஒலிக்கும் பொறுப்பு அவளுடைய உடன்பிறந்தானாகிய கூல் ஹெர்க்கினுடையது. ஜமைக்காவில் பிறந்த அவ்விளைஞன் இரண்டு சுழலிகளை அருகருகே வைத்து, பாட்டில் முழவு மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை மீண்டும் மீண்டும் வரச்செய்து நீட்டினான். அந்தத் தாளத்தின் மேல் ஒருவர் எதுகைபடப் பேசத் தொடங்கினார். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட அந்நடையே ராப். அதனோடு ஆட்டமும் சுவரோவியமும் இசைத்தட்டுக் கலையும் சேர்ந்தது ஹிப்ஹாப்.

1979-இல் வெளிவந்த "ராப்பர்ஸ் டிலைட்" இக்கலையை ஊரறியச் செய்தது. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் "தி மெசேஜ்" சேரி வாழ்வின் துன்பத்தை எடுத்துரைத்தது. கேளிக்கைப் பாட்டு அதன்பின் சமுதாயப் பாட்டாகவும் ஆயிற்று. லாரின் ஹில் 1998-இல் வெளியிட்ட தொகுப்பு மறு ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்பெனத் தேர்வு பெற்றது. கென்ரிக் லமாரின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு 2018-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தெருவில் பிறந்த கலை நாற்பத்தைந்து ஆண்டுகளில் அறிஞர் அவை ஏறியது.

மலேசியாவில் இக்கலை வேரூன்றியபோது தமிழிளைஞரும் முன்வரிசையில் நின்றனர். 1998-இல் "போயட்டிக் அம்மோ" என்னும் நால்வர் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீசு ஆகிய மொழிகளில் பாடிய குழு அது. அதில் ஒருவர் யோகி பி. பின்னர் அவர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் "நட்சத்ரா" என்ற பெயரில் இணைந்து, 2006-இல் "வல்லவன்" என்னும் தொகுப்பை அளித்தார். தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் இஃது ஒரு மைல்கல்.

அத்தொகுப்பில் பெரும்புகழ் பெற்றது "மடை திறந்து". 1980-இல் "நிழல்கள்" படத்துக்கு இளையராசா இசையமைத்து, வாலி எழுதி, எசு.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடித்தளமாகக் கொண்டு அவர்கள் தம் சொற்களைக் கட்டினர். முடா நீர்ப்பாசனத்தால் செழித்த வயல்கள் சூழ்ந்த மெர்கோங் வட்டாரத்தார்க்கு மடை திறப்பதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. தேங்கி நின்ற நீர் பாயும் விரைவே அப்பாடலில் சொற்களின் விரைவாயிற்று.

இக்கலையில் தமிழ் எளிதாகப் பொருந்திய காரணத்தை யாப்பில் காணலாம். ஆங்கில ராப்புக்கு அடியின் இறுதியில் வரும் ஓசை ஒப்புமையே பெருந்துணை. இதனை நம் இலக்கணம் இயைபு என்னும். தமிழிலோ வினைச்சொல் பெரும்பாலும் தொடரின் இறுதியில் நிற்பதால், "வந்தான், சென்றான், நின்றான்" என்று இயைபு வருந்தாமலே வந்துவிடும். எளிதில் வருவது விரைவில் சலிக்கும். ஆகவே திறமுள்ள சொல்லிசைஞன் தமிழுக்கே சிறப்பான எதுகையை நாடுகிறான். "தோட்டம், வாட்டம், ஓட்டம்" என இரண்டாம் எழுத்து ஒன்றிவர, தாளத்தின் தொடக்கத்திலேயே ஓசை பிடிபடுகிறது. குறில் நெடில் வேறுபாடு சந்தத்தைத் தருகிறது. திருப்புகழின் சந்தத்தையும் காவடிச்சிந்தின் துள்ளலையும் கேட்டுப் பழகிய செவிக்கு இது முற்றிலும் அயலானதன்று. அதற்காக ராப் தமிழரிடம் தோன்றியது என்று பெருமை பேசுவது பொருந்தாது. விதை அயலது, நிலம் நமது.

மலேசியாவில் தோன்றிய இவ்வூற்று தமிழகத்தையும் எட்டியது. 2007-இல் "பொல்லாதவன்" படத்தில் யோகி பி பாடினார். 2012-இல் ஹிப்ஹாப் தமிழா குழுவின் "ஹிப்ஹாப் தமிழன்" தொகுப்பு வெளிவந்தது. 2021-இல் அறிவும் தீயும் பாடிய "எஞ்சாய் எஞ்சாமி" உலகெங்கும் ஒலித்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பால்மரக் காடுகளில் வாழ்ந்து, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் பட்டணம் புகுந்த கெடாத் தமிழர்க்கும் அக்கதை புதிதன்று.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதனையும் எடுக்காத பிள்ளைகள் பலர். பன்னிரண்டு வயதில் தமிழ் நூலை மூடிவைத்த பிள்ளை, பதினாறு வயதில் எதுகை தேடித் தமிழ்ச் சொற்களை அடுக்கினால், அது மொழிக்குக் கிடைத்த ஊதியமன்றோ? இச்சொல்லிசையில் கலப்பு மொழியும் தகாத சொல்லும் இல்லாமலில்லை. அவற்றைக் களைவது கற்றோர் கடன். பயிரோடு சேர்த்துப் பிடுங்குவது உழவன் செயலாகாது. பிள்ளை எழுதிய வரிகளை வாங்கிப் படித்து, "இவ்விடத்தில் இன்னும் நல்ல எதுகை உண்டே" என்று காட்டும் ஆசிரியர், யாப்பிலக்கணத்தின் முதற் பாடத்தையே நடத்தியவராவார்.