பாப்பரசர்களுக்கு முகம் செய்யும் பட்டறை

வத்திக்கான் பேதுரு பேராலயத்தை எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் பார்ப்பார்கள். நமக்கு இன்று பின்கட்டே திறந்திருக்கிறது! அதோ, மொசைக் பட்டறை. பார்த்து வாருங்கள், காலடியெல்லாம் கண்ணாடிச் சில்லு.

சுவர் நெடுக இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் நீலம், அடுத்ததும் நீலம். இரண்டும் வேறு வேறு என்று சாதிக்கிறார் கலைஞர்; என் கண்ணுக்குத் தெரிந்தால்தானே! உளிமேல் வைத்து ஒரு தட்டு, 'டிக்'. தெறித்த சில்லை இடுக்கியால் எடுத்துச் சாந்தில் அழுத்தி, நாலடி தள்ளி நின்று பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பிடுங்கிப் போடுகிறார். போச்சு! ஒரு மூக்கு நுனிக்கு இத்தனை பாடு.

இந்த முகங்கள் போய்ச் சேருமிடம், ரோம் மதிலுக்கு வெளியே உள்ள பவுல் பேராலயம். பேதுரு தொடங்கி பாப்பரசர்கள் அத்தனை பேரும் அங்கே பொன் பின்னணியில் வட்ட வட்டமாய் வரிசை கட்டியிருக்கிறார்கள். முன்பு ஓவியங்களாக இருந்தவர்கள்தான். 1823 தீ விபத்துக்குப் பிறகு, 1847இல் ஒன்பதாம் பயஸ் மொசைக்கில் செய்யச் சொன்னார்.

இப்போதைய பாப்பரசருக்குப் போட்டோ உண்டு. பேதுருவுக்கு அடுத்த லீனுவுக்கு? கேட்டதும் பட்டறையே சிரிக்கிறது. "தாடி வைத்தால் சரியாகிவிடும்!"

முகம் கிடக்கட்டும், ஆள் கணக்கே ஆட்டம் கண்ட கதை கேளுங்கள். கி.பி. 180 வாக்கில் ஆயர் இரனேயு எழுதிய வரிசை லீனு, அனகிளேத்து, கிளமெந்து. 354ஆம் ஆண்டுப் பட்டியலிலோ கிளேத்து ஒருவர், அனகிளேத்து இன்னொருவர்! ஏப்ரல் 26இல் அவருக்குத் திருநாள், ஜூலை 13இல் இவருக்கு. ஏறத்தாழ 1,600 ஆண்டு கழித்து, 1947இல்தான் வத்திக்கான் ஆண்டேடு இருவரையும் ஒரே ஆளாக அச்சிட்டது. 1960 நாட்காட்டியில் ஜூலைத் திருநாளும் போயிற்று. யாரும் கண்ணால் பார்க்காத மனிதருக்கு இரட்டை வாழ்வு!

இன்னும் கிண்டினால் வேடிக்கை கூடுகிறது. கிளமெந்து எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. ரோம் திருச்சபையே கொரிந்துக்கு எழுதுவதுபோல் இருக்கிறது. தொடக்கத்தில் தனி ஆயர் இல்லை, மூப்பர் குழுதான் நடத்தியிருக்கும் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். தனித்தனி ஆளாய் வரிசைப்படுத்தியது பின்னால் வந்தவர்கள் வேலையாம். எனக்கும் அதுவே நம்பும்படி இருக்கிறது.

இதை மெல்ல அவிழ்த்துவிட்டேன். கலைஞர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துவிட்டு இடுக்கியை ஆட்டினார்: "குழுவா? ஒரு வட்டத்துக்கு ஒரு தலைதான் சாமி. அதற்குமேல் என்னால் முடியாது!"