அனுமதியா, உரிமையா? அமெரிக்கப் பொதுக்காடுகளில் பொழுதுபோக்கு மற்றும் நிலப்பயன்பாட்டு அனுமதி மேலாண்மை

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தேசியக் காடுகளில் வழங்கப்பெறும் சிறப்புப் பயன்பாட்டு அனுமதிகளின் வகை, நடைமுறை, அவற்றைக் கையாளும் அலுவலரின் பணி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அனுமதிக்கும் நிலவுரிமைக்கும் இடையிலான வேறுபாடே இம்மேலாண்மையின் அச்சு என்பதனை மினரல் கிங் (1972), கௌபாஸ்சர் (2020) ஆகிய இரு வழக்குகளின் வழி நிறுவ முற்படுகிறது.

முன்னுரை

தமிழில் 'அனுமதி' என்னும் ஒரு சொல்லைப் பல நிலைகளுக்குப் பொதுவாக ஆள்கிறோம். மலையேறச் செல்பவர் வனத்துறையிடம் பெறும் சீட்டும் அனுமதி எனப்படுகிறது. காட்டின் ஊடே மின்கம்பி கொண்டுசெல்லப் பெறும் ஆணையும் அனுமதி எனப்படுகிறது. முதலாவது ஒரு நாளில் முடிந்துவிடும். இரண்டாவது பல தலைமுறைகளுக்கு நிலத்தின் இயல்பையே மாற்றிவிடும். இவ்விரண்டையும் ஒரே அலுவலகம் ஒரே சட்டத்தின்கீழ்க் கையாளும்போது, எதனை எவ்வளவு காலத்திற்கு, எந்த அளவு உறுதியுடன் வழங்குவது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் அமைப்பு ஐக்கிய அமெரிக்க வனத்துறை. ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலம், 154 தேசியக் காடுகள், 20 தேசியப் புல்வெளிகள் ஆகியவை அதன் பொறுப்பில் உள்ளன.

சட்டப் பின்புலம்

1897ஆம் ஆண்டின் வன நிருவாகச் சட்டம், காப்புக் காடுகளில் 'தங்குதலையும் பயன்படுத்துதலையும்' நெறிப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1905இல் இக்காடுகள் உள்துறையிடமிருந்து வேளாண் துறைக்கு மாற்றப்பெற்றன. கிஃபோர்டு பின்சோ வனத்துறையின் முதல் தலைவரானார். அனுமதியின்றிக் கால்நடை மேய்த்தவர்கள் தொடர்பான கிரிமாடு வழக்கில், வனத்துறையின் விதிகள் செல்லும் என 1911இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி முறையின் சட்ட அடித்தளம் இத்தீர்ப்பினால் உறுதிப்பட்டது.

அடுத்து வந்த சட்டங்கள் பயன்பாட்டின் எல்லையை விரித்தன. 1915ஆம் ஆண்டின் காலவரை அனுமதிச் சட்டம் கோடைக்கால வீடுகள், விடுதிகள் போன்றவற்றுக்கு 30 ஆண்டுகள் வரை அனுமதி வழங்க இடமளித்தது. 1960ஆம் ஆண்டின் பல்பயன் சட்டம், மரம், மேய்ச்சல், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு ஆகியவற்றோடு வெளிப்புறப் பொழுதுபோக்கையும் காடுகளின் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாக ஏற்றது. 1969ஆம் ஆண்டின் தேசியச் சூழற்கொள்கைச் சட்டம், முடிவெடுக்கும் முன் சூழல் விளைவுகளை ஆராய்வதைக் கட்டாயமாக்கியது. 1976ஆம் ஆண்டின் கூட்டரசு நிலக்கொள்கைச் சட்டம் மின்கம்பி, நீர்க்குழாய், சாலை முதலியவற்றுக்கான வழியுரிமைகளை ஒழுங்குபடுத்தியது.

நால்வகை ஆவணங்கள்

வனத்துறை விதிகள் 'சிறப்புப் பயன்பாட்டு ஒப்புதல்' என்னும் பொதுப்பெயரின்கீழ்ப் பல ஆவணங்களைப் பிரிக்கின்றன. அவற்றுள் நான்கு முதன்மையானவை.

முதலாவது அனுமதி. இது நிலத்தில் எவ்வகை உரிமையையும் மாற்றித் தராது. அரசு இதனைத் திரும்பப் பெறலாம். இரண்டாவது காலவரை அனுமதி. குறித்த காலம் முடியும்வரை, ஆவணத்தில் சொல்லப்பட்ட சூழல்களில் அல்லாது இதனை நீக்க இயலாது. நீக்கினால் ஆவணத்தின்படி இழப்பீடு வழங்க நேரும். மூன்றாவது குத்தகை. இது நிபந்தனைக்கு உட்பட்ட, பிறருக்கு மாற்றத்தக்க நலனை வழங்குகிறது. நான்காவது வழியுரிமை. ஒரு குறிப்பிட்ட பயனுக்காக நிலத்தின்மீது நிபந்தனையுடன் கூடிய நலனை இது அளிக்கிறது.

இந்நான்கும் ஓர் ஏணியின் படிகள் போன்றவை. மேலே செல்லச் செல்லப் பயனாளியின் உறுதி கூடுகிறது. பொதுமக்கள் சார்பில் அரசு தன் முடிவை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. எந்தப் படியில் ஒருவரை நிறுத்துவது என்பதே அனுமதி மேலாண்மையின் மையச் சிக்கல்.

அலுவலரின் பணி

தனிமனிதர் வணிக நோக்கமின்றி நடைப்பயணம் செல்லவோ, கூடாரமிடவோ, மீன்பிடிக்கவோ பொதுவாகச் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி தேவையில்லை. காட்டைப் பயன்படுத்திப் பொருளீட்டுவோரும், நிலத்தில் நிலையாக ஒன்றை நிறுவுவோரும், பெருந்திரளாகக் கூடுவோருமே அலுவலரிடம் வருகின்றனர். வழிகாட்டி நிறுவனங்கள், பனிச்சறுக்கு நிலையங்கள், ஓட்டப் போட்டி நடத்துவோர், தொலைத்தொடர்புக் கோபுர உரிமையாளர்கள் ஆகியோர் இவ்வகையினர்.

முன்மொழிவு ஒன்று வந்ததும் இருகட்டச் சல்லடைக்கு உட்படுத்தப்பெறுகிறது. முதற்கட்டத்தில் சட்டத்தோடும் அக்காட்டின் மேலாண்மைத் திட்டத்தோடும் அது பொருந்துகிறதா, மக்களின் நலத்திற்கோ பாதுகாப்பிற்கோ இடர் விளைவிக்குமா, நிரந்தர உடைமையை உருவாக்குமா என்பன போன்ற ஒன்பது அளவுகோல்கள் பார்க்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் பொதுநலன், விண்ணப்பதாரரின் தகுதி, பொருள் வலிமை, தொழில்நுட்பத் திறன் ஆகியவை எடைபோடப்படுகின்றன. இரண்டையும் கடந்த பின்னரே அது முறையான விண்ணப்பமாக ஏற்கப்பட்டுச் சூழல் ஆய்வுக்குச் செல்கிறது. பொருந்தாத முன்மொழிவுகளுக்காகப் பொதுப்பணமும் நேரமும் வீணாகாமல் தடுப்பதே இவ்வரிசையின் நோக்கம்.

ஒப்புதல் வழங்கியதோடு பணி முடிவதில்லை. ஆண்டுதோறும் செயல்திட்டத்தைச் சரிபார்த்தல், கட்டணம் வசூலித்தல், காப்பீடு நடப்பில் உள்ளதா எனப் பார்த்தல், களத்தில் நேரில் ஆய்தல், பயன்பாடு முடிந்தபின் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொணரச் செய்தல் ஆகியவையும் அலுவலரைச் சார்ந்தவை. களம் பாராத அனுமதி நாளடைவில் கேட்பாரற்ற உடைமையாக மாறிவிடும் என்பதே இப்பணியின் தேவையை உணர்த்துகிறது. தேசியக் காடுகளில் ஏறத்தாழ 14,000 தனியார் கோடைக் குடில்கள் இன்றும் உள்ளன. அவற்றின் நிலம் பொதுவுடைமை, கட்டடம் தனியுடைமை. பல குடும்பங்கள் தலைமுறைகளாக அவற்றைப் பேணிவருவதால், அனுமதியே உரிமை போன்ற தோற்றத்தைப் பெறுகிறது. அவற்றுக்கான கட்டணத்தை வகுக்க 2014இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது.

கூட்ட நெரிசல் மிகுந்த இடங்களில் மற்றொரு வகை அனுமதியும் செயற்படுகிறது. கலிபோர்னியாவின் இன்யோ தேசியக் காட்டிலுள்ள விட்னி மலைப்பாதைக்கு, மே முதல் நவம்பர் தொடக்கம் வரையிலான பருவத்தில், நாளொன்றுக்கு ஒருநாள் பயணிகள் 100 பேர், இரவு தங்குவோர் 60 பேர் என வரம்பு உண்டு. குலுக்கல் முறையில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இங்கு அனுமதி என்பது உரிமையை வழங்கும் கருவியன்று. பற்றாக்குறையைப் பகிரும் கருவி.

கூடும் உரிமையும் கால எல்லையும்

அலுவலரின் விருப்புரிமைக்கு எல்லை வகுத்ததில் நீதிமன்றங்களின் பங்கு பெரிது. காட்டில் கூடுவோரின் கருத்தை நோக்கி அனுமதி மறுக்கப்படலாம் என்னும் அச்சத்தை முன்னிட்டு, வனத்துறையின் முந்தைய விதிகளை 1980களில் கூட்டரசு நீதிமன்றங்கள் ஏற்க மறுத்தன. 1995இல் திருத்தப்பெற்ற விதிகளின்படி, வணிக நோக்கமற்ற 75 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் மட்டுமே அனுமதி தேவை. 72 மணி நேரத்திற்கு முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். பெறப்பட்ட 48 மணி நேரத்திற்குள் மறுக்கப்படாவிடின் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அலுவலரின் மௌனம் குடிமக்களுக்குச் சாதகமாகக் கொள்ளப்படுவது இதன் சிறப்பு.

மினரல் கிங்: இரு அனுமதிகளின் இணைப்பு

ஆவண வகையின் முக்கியத்துவத்தை உணர்த்தும் வழக்கு மினரல் கிங். சியரா நெவாடா மலைத்தொடரில், செக்கோயா தேசியக் காட்டில் அமைந்த இப்பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு நிலையம் அமைக்க 1965இல் வனத்துறை முன்மொழிவுகளை வரவேற்றது. வால்ட் டிஸ்னி நிறுவனம் தேர்வு பெற்றது. மூன்றரைக் கோடி டாலர் மதிப்பீடு, நாள்தோறும் 14,000 பார்வையாளர், தேசியப் பூங்காவின் ஊடே செல்லும் சாலையும் உயர் அழுத்த மின்கம்பியும் எனத் திட்டம் விரிந்தது.

சட்டம் காலவரை அனுமதிக்கு 80 ஏக்கரை உச்ச வரம்பாக வைத்திருந்தது. எனவே 80 ஏக்கருக்கு 30 ஆண்டுக் காலவரை அனுமதி, எஞ்சிய பரப்பிற்குத் திரும்பப் பெறத்தக்க அனுமதி என இரண்டும் இணைக்கப்பட்டன. கோடிக்கணக்கில் முதலீடு செய்யப்படும் நிலத்தில் 'திரும்பப் பெறத்தக்க' என்னும் சொல்லுக்குப் பொருளேது என்பதே சியரா கிளப் எழுப்பிய வாதங்களுள் ஒன்று. வழக்குத் தொடுக்கும் தகுதி அவ்வமைப்புக்கு நிறுவப்படவில்லை என 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதத்தின் உட்பொருளை அது தீர்மானிக்கவில்லை. ஆற்றுக்கும் மரத்துக்கும் வழக்காடும் தகுதி வேண்டும் என நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய மறுப்புத் தீர்ப்பே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. 1978இல் நாடாளுமன்றம் அப்பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவோடு இணைத்தது, நிலையம் எழவில்லை. 1986இல் இயற்றப்பட்ட பனிச்சறுக்கு நிலைய அனுமதிச் சட்டம், 40 ஆண்டுகள் வரையிலான ஒரே அனுமதியைக் கொணர்ந்து, இரட்டை அனுமதியின் தேவையை நீக்கியது.

கௌபாஸ்சர்: பாதையும் குழாயும்

பொழுதுபோக்கும் நிலப்பயன்பாடும் நேரெதிர் நின்ற வழக்கு 2020இல் தீர்ப்பானது. ஜார்ஜ் வாஷிங்டன் தேசியக் காட்டில் அப்பலாச்சியன் நடைபாதையின் அடியே ஏறத்தாழ 600 அடி ஆழத்தில் எரிவாயுக் குழாய் செல்ல வனத்துறை அனுமதி அளித்தது. அப்பாதையைத் தேசியப் பூங்காத் துறை நிருவகிப்பதால், நிலமும் அத்துறைக்குரியதாகிறதா? அவ்வாறாயின் குழாய்க்கு வழிவிட வனத்துறைக்கு அதிகாரமில்லை. பாதைக்குக் கிடைத்தது வழியுரிமை மட்டுமே, நிலம் வனத்துறையிடமே உள்ளது என ஏழு நீதிபதிகள் முடிவு செய்தனர், இருவர் மறுத்தனர். எனினும் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே நிறுவனங்கள் திட்டத்தைக் கைவிட்டன. நடப்பவரின் உரிமையும் குழாயின் உரிமையும் ஒரே வகை ஆவணத்தின்மீது நிற்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

தமிழகத் தொடர்பு

இவ்வமைப்பு நமக்கு முற்றிலும் அயலானதன்று. இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக 1864இல் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், பின்னாளில் பின்சோவுக்கு வழிகாட்டினார். அவரே 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்து வன நிருவாகம் குறித்து ஆலோசனை வழங்கினார். 1882இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. வேர் ஒன்றாயினும் கிளைகள் வேறாயின. சென்னைச் சட்டத்தில் காப்புக்காட்டினுள் நுழைவு பொதுவாகத் தடை, அனுமதி விலக்கு. அமெரிக்கத் தேசியக் காட்டில் நுழைவு பொதுவாக இசைவு, கட்டுப்பாடே விலக்கு.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்தினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கெனத் தனிவிதிகளை வகுத்தது. பொழுதுபோக்கு அனுமதி என்பது வருவாய்ச் சீட்டு மட்டுமன்று, உயிர்காப்புக் கருவியும் ஆகும் என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

முடிவுரை

பொதுக்காட்டில் வழங்கப்பெறும் ஒவ்வோர் ஆவணமும் இன்றைய பயனாளிக்கும் நாளைய மக்களுக்கும் இடையிலான பங்கீடு. அதனை எளிதில் திரும்பப் பெற இயலுமாயின் முதலீடு செய்வோர் தயங்குவர்; இயலாதாயின் பொதுநிலம் மெல்லத் தனிநிலமாகும். இவ்விரு முனைகளுக்கு இடையே உரிய படியைத் தேர்வதும், தேர்ந்தபின் களத்தில் கண்காணிப்பதும் அலுவலரின் கடமை. தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர் அனுமதி, காலவரை அனுமதி, குத்தகை, வழியுரிமை ஆகிய சொற்களை வேறுபடுத்தி ஆள்வது நன்று. சொல் தெளிந்தால், ஓர் ஆவணத்தில் மக்கள் எதனை வழங்குகின்றனர், எதனைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றனர் என்பதும் தெளியும்.