எரியும் எண்ணெய்க்குத் தண்ணீர் வேண்டாம்

தீபாவளிக்கு முந்தின மாலை. வாணலியில் எண்ணெய் காய்கிறது. வாசலில் அழைப்பு மணி. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை முடிக்கிற ஜாதியில்லை. திரும்பி வந்தால் சமையலறை முழுக்கப் புகை.

பலகாரம் பொரிய 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் போதும். அடுப்பை அப்படியே விட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். முதலில் புகை, அதுதான் எச்சரிக்கை. 350 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும்.

பதற்றத்தில் கை தேடுவது தண்ணீரை. ஆபத்தே அங்குதான். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. எரியும் எண்ணெயையும் வாரிக்கொண்டு தீப்பிழம்பாய்க் கூரைவரை எழும்புகிறது. வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதே அளவு முட்டாள்தனம்.

எட்டினால் அடுப்பை அணையுங்கள். வாணலியைவிடப் பெரிய உலோகத் தட்டைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். காற்றில்லாமல் தீ அடங்கும். அணைந்ததா என்று உடனே திறந்து பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். திறந்தால் மறுபடி பற்றும். நன்றாக ஆறட்டும். தீ பரவிவிட்டதா? எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

அந்தத் தட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. எண்ணெய் ஊற்றுமுன்பே கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.