தானே போட்டுக்கொள்ளும் கோலம்

மேஸ்திரி இல்லாமல் டைல்கள் தாமாகவே அடுக்கிக்கொள்ளுமா? முடியும் என்கிறது கணிதம். சிக்கல் ஒரு டைல் தவறும்போதுதான்.

மார்கழி விடியலில் மாட்டுங்காவின் தமிழர் வீட்டு வாசல்களில் கோலமாவு விழுகிறது. புள்ளி வைத்தாகிவிட்டது. கோடு இப்போது வலப்பக்கம் வளைய வேண்டுமா, இடப்பக்கமா? பக்கத்தில் ஏற்கெனவே போட்ட கோடே அதைச் சொல்லிவிடும். செம்பூர் அடுக்குமாடியில் வாசல் சுருங்கினாலும் சரி, பொங்கலன்று தாராவித் தெருவில் இடம் விரிந்தாலும் சரி, விதி மாறுவதில்லை.

இந்த விதிகளைக் கணிதமாக எழுதலாம் என்று காட்டியவர்கள் சென்னை ஆராய்ச்சியாளர்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரை, வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப் போலக் கோலத்துக்கும் இலக்கணம் வகுத்தது.

ஆனால் கோலத்துக்கு ஒரு கை வேண்டும். கையே இல்லாமல் கோலம் தன்னைத்தானே போட்டுக்கொள்ளுமா? 'டைல் சுயசேர்க்கை' என்ற கணிதக் கோட்பாடு கேட்பது இதைத்தான்.

இதன் தொடக்கம் 1961. தர்க்கவியலாளர் ஹாவ் வாங், நான்கு விளிம்புகளிலும் நிறம் பூசிய சதுர டைல்களைக் கற்பனை செய்தார். ஒரே நிற விளிம்புகள்தான் ஒட்டி வரலாம். டைலைத் திருப்பக் கூடாது. கையிலுள்ள வகைகளைக் கொண்டு எல்லையற்ற தரையை நிரப்ப முடியுமா? எல்லாத் தொகுப்புகளுக்கும் பதில் சொல்லும் பொது வழிமுறை இருக்கவே முடியாது என்று 1966ல் நிரூபித்தார் ராபர்ட் பெர்கர். காரணம், கம்ப்யூட்டர் போடும் எந்தக் கணக்கையும் டைல் அடுக்கியே போட்டுவிடலாம்.

1998ல் அமெரிக்காவின் கால்டெக்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எரிக் வின்ஃப்ரீ, நிறத்துக்குப் பதில் பசையை வைத்தார். ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு வகைப் பசை, அதற்கொரு வலு. தொடங்கி வைக்க ஒரு 'விதை' டைல். ஒட்டிய டைல் நிலைக்கத் தேவையான மொத்த வலுவுக்கு 'வெப்பநிலை' என்று பெயர். அது 2 என்றால், வலு 1 உள்ள பசை ஒரு பக்கம் பிடித்தால் போதாது; டைல் உதிர்ந்துவிடும். இரண்டு அண்டை டைல்கள் சேர்ந்து பிடிக்க வேண்டும். சூட்சுமம் இங்கேதான்.

இரண்டு அண்டைகளும் ஒரே நிறமானால் வெள்ளை, வேறுபட்டால் கறுப்பு என்று ஒரு விதி. விதைக்கு ஒன்று, ஓரங்களுக்கு இரண்டு, விதிக்கு நான்கு என ஏழு வகை டைல்கள் போதும். முக்கோணத்துக்குள் முக்கோணமாக முடிவில்லாமல் ஒரு கோலம் விரியும். சிக்கனமும் வியக்கவைக்கிறது. பக்கத்துக்கு ஆயிரம் டைல் உள்ள சதுரத்தில் 10 லட்சம் டைல்கள் இருக்கும். டைல்களுக்கே எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டால் சில டஜன் வகைகளைக் கொண்டு அதைக் கட்டிவிடலாம்.

இது காகிதத்தோடு நிற்கவில்லை. டிஎன்ஏ இழைகளின் நுனிகள் தமக்குரிய ஜோடியோடுதான் சேரும். இதைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1982லேயே சொன்னவர் நாட்ரியன் சீமன். அவருடன் சேர்ந்து 1998ல் டிஎன்ஏ டைல்களைத் தானாக அடுக்க வைத்தார் வின்ஃப்ரீ. நானோமீட்டர் அளவிலான, அதாவது மில்லிமீட்டரை 10 லட்சமாக வகுத்தால் கிடைக்கும் அளவிலான, பொருட்களை எந்தக் கையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க முடியாது. நுண்கருவிகளையும் மருந்தைச் சுமக்கும் கூடுகளையும் இப்படிக் கட்டலாம் என்பது நம்பிக்கை.

ஆனால் 2004ல் சோதனைக் குழாயில் முக்கோணக் கோலம் விரிந்தபோது, நூற்றுக்கு ஒன்று முதல் பத்து டைல்கள் வரை தவறாக ஒட்டின. ஒரு டைல் பொய் சொன்னால் அதை நம்பி மேலே ஒட்டுவதும் பொய். எனவே ஒரு டைலின் வேலையை நான்கு டைல்களுக்குப் பங்கிடும் யோசனை வந்தது. அதில் ஒன்று தவறினால், இன்னொன்றும் தவறினாலொழிய வளர்ச்சி நகராது. 2019ல் 355 வகை டிஎன்ஏ டைல்களைக் கொண்டு 21 விதக் கணக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பிழை 3,000க்கு ஒன்றுக்கும் குறைவு.

மாட்டுங்கா வாசலில் கோடு தவறினால் விரலால் அழித்துவிட்டு மறுபடி இழுக்கலாம். சோதனைக் குழாய்க்குள் விரல் நுழையாது. கோலத்தைப் போடுவதோடு, பிழையைத் திருத்தும் பொறுப்பும் டைல்களுடையதுதான்.