குறைப்பிரசவக் குழந்தைகளுக்குத் தாயின் அரவணைப்பும் சிகிச்சையே: ஆய்வுகள் கூறுவது என்ன?

புணே: கருவுற்று 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, இன்குபேட்டரில் வைத்துப் பாதுகாப்பதே நீண்ட காலம் மருத்துவமனைகளின் வழக்கமாக இருந்தது. ஆனால், தாயின் அரவணைப்பு அக்குழந்தைகளின் உயிரைக் காக்கும் சிகிச்சைகளுள் ஒன்று என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைப்பிரசவத்தில் பிறந்தன. இது உலக அளவிலான எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகும்.

உயிர் பிழைப்பதுடன் சிக்கல் தீர்வதில்லை. புணே கேஇஎம் மருத்துவமனையில் 1987 முதல் 1989 வரை சிகிச்சை பெற்ற, 2 கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகள் 18 வயது வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அவர்களது சராசரி நுண்ணறிவுத் திறன் இயல்பான வரம்புக்குள் இருந்தபோதிலும், உரிய எடையுடன் பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. எனவே, பிறந்த முதல் வாரங்களில் அளிக்கப்படும் பராமரிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

தொடுதல் எவ்வாறு உதவுகிறது?

கருவில் முதலில் உருவாகும் புலன் தொடுவுணர்வாகும். குறைப்பிரசவக் குழந்தையின் தோல் மெல்லியது; தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு. இதனால் உடல் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. வளர்ச்சிக்குரிய ஆற்றல், உடலைச் சூடாக வைத்துக்கொள்வதிலேயே செலவாகிறது. தாயின் மார்போடு சேர்த்து வைக்கும்போது அந்த வெப்பம் குழந்தைக்குக் கிடைக்கிறது. சுவாசமும் இதயத் துடிப்பும் சீராகின்றன. தாய்ப்பால் சுரப்பும் அதிகரிக்கிறது.

'கங்காரு பராமரிப்பு' எனப்படும் இம்முறை, இன்குபேட்டர் பற்றாக்குறை நிலவிய கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கப்பட்டது. மும்பை கேஇஎம் மருத்துவமனையில் 206 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், இம்முறையில் பராமரிக்கப்பட்டவர்களின் எடை நாளொன்றுக்குச் சராசரியாக 24 கிராம் கூடியது. மற்றவர்களுக்கு இது சுமார் 16 கிராமாக இருந்தது.

தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உள்பட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளியாகின. உடல்நிலை சீராகும் வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயுடன் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 28 நாள்களுக்குள் உயிரிழந்தோர் 12 சதவீதம். வழக்கமான முறையில் இது 15.7 சதவீதம். இதையடுத்து, பிறந்தவுடன் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்பராமரிப்பை அளிக்குமாறு உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது.

கவனிக்க வேண்டியவை

டயபர், தொப்பி, காலுறை மட்டும் அணிவித்து, குழந்தையைத் தாயின் மார்பின் நடுவே நிமிர்ந்த நிலையில் வைத்துத் துணியால் கட்ட வேண்டும். மூச்சு தடைபடாதவாறு தலை ஒருபக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். தாயால் இயலாதபோது தந்தையோ, பாட்டியோ இதைச் செய்யலாம்.

மிகவும் முன்கூட்டியே பிறந்த குழந்தையை அடிக்கடி வருடுவது அதைச் சோர்வடையச் செய்யக்கூடும். ஒரு கையைத் தலையிலும் மற்றொரு கையைப் பாதங்களிலும் அசைவின்றி வைத்திருப்பதே ஏற்றது. வீடுகளில் வழக்கமாக உள்ள எண்ணெய் தேய்த்தலை மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்கக் கூடாது.

இன்குபேட்டருக்கோ, சுவாசக் கருவிக்கோ இது மாற்று அல்ல. எனினும், அச்சிகிச்சைகள் தொடரும்போதே தாயும் குழந்தையின் அருகில் இருக்க, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவருக்கும் ஒரு படுக்கை தேவை என்பதே இந்த ஆய்வுகள் உணர்த்தும் செய்தியாகும்.