அகதி விசா மேல்முறையீட்டில் நடைமுறை நியாயம்

நடைமுறை நியாயம் என்பது, ஒருவரின் உரிமையையோ நலனையோ பாதிக்கும் முடிவை எடுப்பதற்கு முன் அவர் தரப்பை அதிகாரி கேட்க வேண்டும் என்னும் சட்டக் கோட்பாடாகும். இது இயற்கை நீதி எனவும் வழங்கப்படுகிறது. முடிவெடுப்பவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்பதும் இதன் பகுதியே. இந்தியாவில் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு முடக்கப்பட்ட வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை வலியுறுத்தியது. அகதிகள் தொடர்பாக இதை விளக்கும் முக்கியமான தீர்ப்பு, ஈழத்தமிழர் இருவர் ஆஸ்திரேலியாவில் தொடுத்த வழக்குகளில் கிடைத்தது.

வழக்கின் பின்னணி

2001இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, படகில் கிறிஸ்துமஸ் தீவை அடைந்தவர்கள் அமைச்சர் அனுமதித்தால் மட்டுமே விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அனுமதி வழங்கலாமா என்பதை அறிய, அப்போது முதலில் துறை அதிகாரி ஒருவர் அவர்கள் அகதிகளா என ஆராய்ந்து வந்தார். அவர் மறுத்தால், தனி மறுஆய்வாளர் ஒருவர் மீண்டும் ஆராய்ந்தார்.

2009இல் இத்தீவுக்கு வந்த தமிழர் இருவர் இரண்டு நிலைகளிலும் மறுக்கப்பட்டனர். விசாரணைக் காலம் முழுவதும் அவர்கள் தடுப்புக்காவலில் இருந்தனர். பாதுகாப்புக் கோருவோரின் பெயரை நீதிமன்றம் வெளியிடச் சட்டம் தடை விதிப்பதால், அவர்கள் எம்61, எம்69 என்னும் எண்களாலேயே குறிப்பிடப்படுகின்றனர்.

தீர்ப்பு

அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் 2010 நவம்பர் 11 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இந்த விசாரணை சட்டத்தின் கீழ் நடைபெறாததால் நடைமுறை நியாயம் பொருந்தாது என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. விசாரணைக்காக ஒருவரின் காவல் நீட்டிக்கப்படும்போது அவரது சுதந்திரம் நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. எனவே விசாரணை நியாயமாக நடைபெற வேண்டும் என நீதிமன்றம் கூறியது. அது கண்ட பிழைகள் மூன்று:

1. ஆஸ்திரேலியச் சட்டமும் முந்தைய தீர்ப்புகளும் தங்களைக் கட்டுப்படுத்தும் என மறுஆய்வாளர்கள் கருதவில்லை.
2. எம்61 தம் அச்சத்திற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று ஆராயப்படவில்லை.
3. இருவருக்கும் பாதகமாக அமைந்த இலங்கை நிலவரத் தகவல்களின் சாரம் அவர்களிடம் தெரிவிக்கப்பட்டுப் பதில் கேட்கப்படவில்லை.

மூன்றாவது பிழை மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டாக, 'போர் முடிந்ததால் அங்கு ஆபத்து குறைந்துவிட்டது' என்னும் அறிக்கையை அதிகாரி நம்புகிறார் எனக் கொள்வோம். பொதுவாக அது சரியாக இருக்கலாம். ஆனால் தம் ஊரிலும் தம் குடும்பத்திலும் நிலைமை வேறு என்பதை விண்ணப்பதாரர் சொல்லக்கூடும். அறிக்கையே காட்டப்படாவிட்டால் எதற்குப் பதில் சொல்வது என்றே அவருக்குத் தெரியாது.

வரம்புகள்

நடைமுறை நியாயம் விசாவை உறுதி செய்வதில்லை. கேட்டபின் முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. இவ்வழக்கிலும் விசா வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடவில்லை. மறுஆய்வில் பிழை நேர்ந்தது என்று அறிவித்தது. மேலும், நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் இந்த வாய்ப்பைச் சுருக்கவும் முடியும். 2014இல் இயற்றப்பட்ட விரைவுமுறைச் சட்டப்படி, மறுஆய்வு பெரும்பாலும் நேர்காணல் இன்றி ஆவணங்களைக் கொண்டே நடைபெற்றது; புதிய தகவல்கள் விதிவிலக்கான சூழலில் மட்டுமே ஏற்கப்பட்டன. அம்முறையில் மறுஆய்வு செய்த அமைப்பு 2024இல் கலைக்கப்பட்டது.

தவறான மறுப்பு ஒருவரை அவர் அஞ்சி வெளியேறிய இடத்திற்கே திருப்பி அனுப்பிவிடலாம். அதன்பின் பிழையைக் கண்டறிந்தாலும் திருத்த இயலாமல் போகலாம். முடிவுக்கு முன்பே அவர் கேட்கப்பட வேண்டும் என்பதன் பொருள் இதுவே.