மேரி கார்ப்பெண்டர் அம்மையார் (2): 14 நாள் சிறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்து தேசத்துச் சட்டம், ஏழு வயது நிரம்பிய குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தயங்கியதில்லை. ஏழுக்கு மேல் பதினான்குக்குள் உள்ள பிள்ளைக்கு நன்மை தீமை பகுத்தறியும் சக்தி இராது என்றோர் அனுமானம் சட்டத்தில் இருந்தது மெய்யே. ஆனால் அதற்கு மாறாக நிரூபிக்க வழக்காடுவோருக்கு இடமிருந்தபடியால், கடைவாசலில் ரொட்டி திருடிய சிறுவன், தேர்ந்த கொள்ளைக்காரர்கள் அடைபட்டிருந்த அதே சிறைச்சாலைக்குள் போய், அவர்களிடமே மேற்கொண்டு தொழில் கற்று வெளிவருவது அன்றாட நிகழ்ச்சியாயிருந்தது. இந்த அநியாயத்தைக் கண்டு மனம் நொந்தவர் பலர் உண்டு. அதைச் சட்டத்திலிருந்தே களைந்தாக வேண்டும் என்று தம் ஜீவியத்தையே ஒப்புக்கொடுத்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியையான மேரி கார்ப்பெண்டர்.

தந்தையார் லாண்ட் கார்ப்பெண்டர் பாதிரியாரின் பள்ளியில் ஆண் பிள்ளைகளுடன் சமமாக அமர்ந்து லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் பயின்றதையும், 1829-ல் தாயாருடன் சேர்ந்து பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியதையும், 1833-ல் பிரிஸ்டலுக்கு விருந்தினராக வந்த ராஜா ராம்மோகன் ராய் அந்த ஊரிலேயே காலமானதையும் சென்ற இதழில் கண்டோம். அதே 1833-ல், ஏழைகளிடையே தொண்டு செய்து பெயர்பெற்ற ஜோசப் டக்கர்மன் என்னும் பாஸ்டன் நகரத்துப் பாதிரியாரும் அங்கே வந்திருந்தார். மேரியும் அவரும் ஒருநாள் குறுகிய சந்தொன்றின் வழியே நடந்து செல்கையில், கந்தல் உடுத்த சிறுவன் ஒருவன் அவர்கள் எதிரே குறுக்காக ஓடி மறைய, அந்தப் பிள்ளையைப் பின்தொடர்ந்து அவன் வீடுவரை சென்று விசாரிக்க வேண்டும் என்று டக்கர்மன் சொன்னாராம். சொன்னவர் ஊர் திரும்பிவிட்டார்; கேட்டவர் மறக்கவில்லை. ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவும் சங்கம் ஒன்றை 1835-ல் நிறுவினார். 1846-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, தந்தையார் பிரசங்கம் செய்துவந்த லூயின்ஸ் மீட் வட்டாரத்திலேயே, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ள மறுத்த பிள்ளைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார்.

காலில் செருப்பின்றி, உடம்பில் அழுக்கேறி, ஒரு நிமிஷமும் ஓரிடத்தில் உட்கார்ந்தறியாத அந்தப் பிள்ளைகளுக்குப் பிரம்பைக் காட்டிப் பாடம் சொல்வதை அவர் ஒப்பவில்லை. எழுத்தும் கணக்கும் வேதபாடமும் போதிப்பதோடு நில்லாமல், இயற்கைப் பொருள்களையும் வகுப்புக்கு எடுத்துச் சென்று, கையில் கொடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைப்பார். கனவான்களின் பிள்ளைகளுக்கு எது தகுமோ அது இவர்களுக்கும் தகும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஆயினும், வகுப்பிலே சுடர்விட்ட பையன் மறுவாரம் போலீஸாரிடம் அகப்பட்டுச் சிறைக்குப் போய்விடுவதும், திரும்பி வரும்போது வேறொரு பிள்ளையாக வருவதும் நேர்ந்தபோது, பள்ளி மட்டும் போதாது, சட்டமும் மாறவேண்டும் என்பது அவருக்கு விளங்கிற்று. ஆசிரியை ஒருவர் அரசாங்கத்தோடு வாதாடப் புறப்பட்டது இப்படித்தான்.

1851-ல் அவர் வெளியிட்ட நூல், ஆதரவற்ற பிள்ளைகளை மூன்று நிலையில் வைத்து ஆராய்ந்தது. வறுமையால் பள்ளிக்கு வெளியே நிற்பவர்களுக்கு இலவசப் பகற்பள்ளி. குற்றத்தின் விளிம்பில் தெருவில் அலைபவர்களுக்கு உணவும் கைத்தொழிலும் சேர்ந்த பள்ளி. குற்றம் செய்தே விட்டவர்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளி. இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பிரான்ஸில் மெத்ரே என்னுமிடத்திலும், ஹாம்பர்க் நகரை அடுத்தும், ஸ்காட்லாந்தில் அபர்தீனிலும் நடந்துவந்த இத்தகைய ஸ்தாபனங்களை அவர் உதாரணமாகக் காட்டினார். அவற்றுக்கு நேர்மாறாக, ஐல் ஆஃப் வைட் தீவில் சிறுவர்களுக்கென்றே அரசாங்கம் நடத்திய பார்க்ஹர்ஸ்ட் சிறையை, பெயரளவில் சீர்திருத்தமும் நடைமுறையில் தண்டனையுமே நிறைந்த இடம் என்று தயவுதாட்சணியமின்றிக் கண்டித்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் பர்மிங்ஹாமில் கூடிய மகாநாட்டுக்கு, அந்நகர நீதிபதி மாத்யூ டேவன்போர்ட் ஹில்லோடு சேர்ந்து வழிகோலியவர் இவரே. ஆனாலும் பெண்ணொருத்தி பொதுமேடையில் பேசுவது முறையல்ல என்று அந்நாளில் அவரே கருதியதால், தம் நூலைச் சுற்றி நடந்த விவாதத்தின்போது வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு, பார்லிமெண்டின் விசாரணைக் குழு அவரைச் சாட்சியாக அழைத்தது. அங்கே மௌனத்துக்கு இடமில்லை. பெற்றோர் கைவிட்ட பிள்ளைக்கு ராஜ்யமே பெற்றோர் ஸ்தானத்தில் நிற்கவேண்டும். பிள்ளையைப் பழிவாங்குவது நீதியாகாது. கணக்குப் பார்த்தால் பிள்ளை சமுதாயத்துக்குப் பட்ட கடனைவிடச் சமுதாயம் பிள்ளைக்குப் பட்ட கடனே பெரிது என்பவை அவருடைய சாட்சியத்தின் சாரம். என் அபிப்பிராயத்தில், அந்த நூற்றாண்டில் குழந்தைகளைப் பற்றி எந்த நீதிபதியும் மந்திரியும் கூறிய வார்த்தைகளைவிட, இந்த ஆசிரியை கூறியது மேலானது.

வாதத்தோடு நில்லாமல் நடத்திக்காட்டவும் துணிந்தார். ஜான் வெஸ்லி முன்பு பள்ளி நடத்திய கிங்ஸ்வுட் கட்டடத்தில் 1852-ல் ஒரு சீர்திருத்தப் பள்ளி தொடங்கிற்று. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் இருப்பதன் சிரமத்தை உணர்ந்து, கவிஞர் பைரனின் மனைவியார் வாங்கிக் கொடுத்த ரெட் லாட்ஜ் என்ற பழைய மாளிகையில் 1854-ல் பெண்களுக்கென்று தனிப் பள்ளி திறந்தார். அங்கே பெண்களுக்குச் சலவையும் வீட்டு வேலையும் முக்கியமாகக் கற்பிக்கப்பட்டதைப் பார்க்கையில், அவர்களை வேலைக்காரிகளாக்குவதற்கு மேல் அக்காலத்துக் கருணை கனவு காணவில்லையே என்ற வருத்தம் எழாமலில்லை.

அதே ஆண்டில், ஆடர்லி போன்ற அங்கத்தினர்களின் முயற்சியால், இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறிற்று. தனியார் நடத்தும் சீர்திருத்தப் பள்ளிகளை அரசாங்கம் பரிசோதித்து அங்கீகரிக்கும். பதினாறு வயதுக்குட்பட்ட குற்றவாளியை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்வரை அங்கே அனுப்பலாம். செலவைப் பொக்கிஷம் ஏற்கும். வசதியுள்ள பெற்றோரிடம் வாரத்துக்கு ஐந்து ஷில்லிங்வரை வசூலிக்கலாம். ஆனால் சட்டத்தின் நடுவே ஒரு ஷரத்து இருந்தது: பள்ளிக்குப் போகுமுன் பிள்ளை குறைந்தபட்சம் 14 நாள் சிறையில் இருந்தாக வேண்டும். செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்த பிறகே சீர்திருத்தம் என்று வாதித்தவர்களில், பின்னாளில் இப்பள்ளிகளின் முதல் பரிசோதகரான ஸிட்னி டர்னர் பாதிரியாரைப் போன்ற நல்லவர்களும் இருந்தார்கள். எந்தச் சிறையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றவேண்டுமென்று மேரி கார்ப்பெண்டர் மன்றாடினாரோ, அந்தச் சிறையின் வாசல் வழியேதான் அவருடைய பள்ளிக்குப் பாதை போடப்பட்டது.

கிடைத்ததை உதறித்தள்ளாமல் ஏற்றுக்கொண்டு, மறுத்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தெருவில் அலையும் பிள்ளைகளைக் குற்றத்துக்கு முன்பே ஏற்கும் தொழிற்பள்ளிச் சட்டம் 1857-ல் வந்தது. பகலில் உணவும் படிப்பும் தந்து இரவில் வீட்டுக்கு அனுப்பும் பகல் தொழிற்பள்ளிகளுக்கு 1876-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளித்தது. பொதுமேடைக் கூச்சமும் நாளடைவில் அகன்று, சமூக விஞ்ஞான மகாநாடுகளில் அவர் தாமே எழுந்து பேசலானார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், எழுபது வயதில், ரெட் லாட்ஜை ஒட்டிய இல்லத்தில் உறக்கத்திலேயே காலமானார்.

அந்த 14 நாள் சிறை, 1893-ல் நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டு, அம்மையார் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின் 1899-ல் அடியோடு நீக்கப்பட்டது. இந்தியச் சிறைகளையும் பெண்கல்வியையும் காண அவர் 1866-ல், ஐம்பத்தொன்பதாம் வயதில், கப்பலேறி வந்த வரலாற்றையும், பம்பாயிலும் சென்னையிலும் கல்கத்தாவிலும் அவர் கண்டவற்றையும் அடுத்த இதழில் பார்ப்போம்.